நந்தவனக் குடிகளின் மழைக்காலம்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கம் கோயிலுக்குத் திருமஞ்சனத் தண்ணீர் வரும் வழி மாறிவிடும். மற்ற மாதங்களில் வடக்கே கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வருவது, துலா மாதமான ஐப்பசியில் மட்டும் தெற்கே காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானைமேல் வரும். அடுத்து கார்த்திகை வளர்பிறையில் கைசிக ஏகாதசி. அன்று இரவு உற்சவமூர்த்தியான நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுவார்கள். குளிர் வந்துவிட்டது என்பதற்கு ஊர் வைத்துக்கொண்டிருக்கும் அடையாளம் அது. பிறகு பகல் பத்து, இராப் பத்து என்று மார்கழியின் பெரும்பகுதி திருவிழாவிலேயே கழியும். ஆக, ஆண்டில் மாலை அதிகம் வேண்டியிருப்பது இந்த மூன்று மாதங்களில். பூ மிகக் குறைவாகப் பூப்பதும் இதே மூன்று மாதங்களில்தான். பங்குனியில் கூடைகூடையாகக் கொட்டும் மல்லிகை, கார்த்திகைப் பனியில் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடும். தேவை ஏறும்போது விளைச்சல் இறங்கும் இந்த முரண்பாட்டை ஒரு தீவு ஊர் பல நூற்றாண்டுகள் எப்படிச் சமாளித்தது என்று கேட்டால், பதில் தோட்டக்கலையில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, தோட்டத்தை ஒட்டி வாழ்ந்த மனிதர்களை எப்படிக் கட்டிவைத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

நந்தவனம் என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு படம்: தனியொரு அடியார், தோளில் பூக்கூடை, விடியற்காலை, துளசிச் செடி. காலண்டரும் சினிமாவும் சேர்ந்து வரைந்து கொடுத்த படம். அதில் பொய் இல்லை, ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நந்தவனம் தனியாள் செய்யக்கூடிய வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அது ஒரு நிலம், அந்த நிலத்தில் வேலை செய்வதற்காகவே குடியமர்த்தப்பட்ட ஆட்கள், அவர்களுக்கு உணவும் துணியும் தரும் இன்னொரு நிலம், இந்த மூன்றையும் பிணைக்கும் ஒரு நிபந்தனை. நிபந்தனை எளிமையானது: வேலை நடக்கும்வரை நிலம். இங்கிலாந்தில் ஊராட்சி நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குடியானவர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாடகைக்குக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. 1908இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அங்கே வழக்கமான ஒரு பாத்தி சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று மேல். பாத்தியைக் களை மூடவிட்டால் அது கைமாறும். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் தொடங்கிய ஷ்ரேபர் தோட்டங்களுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். அவற்றைத் தோட்டச் சமூகங்கள் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள், நந்தவனத்தை மட்டும் சமயம் என்ற தலைப்பின் கீழ் போட்டு மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். நந்தவனங்கள் மங்கியதற்குப் பக்தி குறைந்தது காரணமில்லை, பூ மார்க்கெட் வந்ததும் முதல் காரணமில்லை. வேலைக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த முடிச்சு அவிழ்ந்ததுதான் காரணம்.

மழைக்காலத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அந்த முடிச்சு எதற்காகப் போடப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். கோடையில் ஒரு பூந்தோட்டத்தின் பிரச்சினை தண்ணீர் கொண்டுவருவது. அதை ஒரு குடும்பம் தன் பாத்திக்குத் தானே பார்த்துக்கொள்ளலாம். ஏற்றம் என்றாலும் மேலே மிதிக்க ஒருவர், கீழே சால் பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் போதும். ஐப்பசியில் பிரச்சினை தலைகீழாகிவிடும். இப்போது தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஸ்ரீரங்கம் முக்கொம்பில் பிரியும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் மண் தீவு. மேலே மழை, பக்கத்தில் இருகரையும் தொட்டு ஓடும் ஆறு, அடியில் ஊற்று. மல்லிகை வேரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும், பிறகு செடியே போகும். என் பாத்தியிலிருந்து நான் வெட்டிவிடும் வாய்க்கால் அடுத்தவர் பாத்தியில் போய் நிற்கும். அவர் வெட்டினால் அதற்கடுத்தவருக்கு. எல்லோரும் ஒரே நாளில், ஒரே திசையில் வடிகால் வெட்டினால்தான் தோட்டம் பிழைக்கும். தண்ணீர் பாய்ச்சத் தனியாக முடியும், தண்ணீர் வடிக்கச் சேர்ந்துதான் முடியும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சி வெள்ளத்தில் நின்றதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழை ஓய்கிற கார்த்திகையில் அடுத்த வேலை வரும். மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டியது நவம்பர் கடைசியில். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே விட்டு, படர்ந்த கொடியையெல்லாம் வெட்டித் தள்ளி, தூரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய எரு போட்டு மூட வேண்டும். பங்குனிப் பூ அன்றைக்குப் போட்ட எருவில்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மாலைக்கு என்ன செய்வது? மல்லிகை ஓய்வெடுக்கும்போது கைகொடுக்கிற செடிகள் வேறு. பகல் குறுகினால் பூக்கும் செவ்வந்தி, மாதத்தின் பெயரையே வாங்கிக்கொண்ட டிசம்பர் பூ, எந்தக் காலத்திலும் கொஞ்சமாவது தரும் அரளி, நந்தியாவட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகத் துளசி. துளசியிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கதிர் முற்றவிட்டால் செடி விதையிலேயே முனைந்து இலையை விட்டுவிடும், ஆகவே கதிரை அடிக்கடி கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் நனைந்த பூவைக் கூடையில் அமுக்கி வைத்தால் விடிவதற்குள் கன்றிப்போகும்; ஈரத்தை உதறி, பரப்பி, நேரத்தோடு தொடுக்க வேண்டும். ஒரே ஆள் கவாத்தும் செய்து, எருவும் சுமந்து, அதே விடியலில் மாலையும் தொடுத்து அனுப்ப முடியாது. பறிப்பவர், தொடுப்பவர், இறைப்பவர் என்று ஆள் பிரிந்தது ஆடம்பரத்துக்காக அன்று. பூவே இல்லாத நாளிலும் மாலை போய்ச்சேர வேண்டும் என்ற கட்டாயம் அப்படிப் பிரித்தது.

இந்தப் பிரிவினை என் கற்பனை இல்லை என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் 24ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளே. முதலாம் பராந்தகன் காலம் தொட்டு நாயக்கர் காலம்வரை அறுநூறுக்கும் மேல். அவற்றிலும், சோழநாட்டின் பிற கோயில்களிலும் நந்தவனக் கொடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாசகத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். முதலில் திருநந்தவனத்துக்கு நிலம். அடுத்து நந்தவனப்புறம், அதாவது தோட்டத்தைப் பராமரிப்பதற்கான வருவாய் நிலம், வரியற்ற இறையிலியாக. அதற்கடுத்து திருநந்தவனக் குடிகள், அவர்களுக்குக் கொற்று, புடவை முதல். சாப்பாட்டுக்கு நெல், உடுத்தத் துணி. வேலையாட்களையும் சும்மா 'ஆள்' என்று எழுதாமல், திருநந்தவனம் இறைப்பார், திருப்பள்ளித்தாமம் பறிப்பார், தொடுப்பார் என்று வேலை சொல்லி எழுதுவது வழக்கம். செங்கழுநீர் ஓடை போட்ட இடங்களில் அதற்கும் ஏற்பாடு தனி. கொடையாளி அரசனாக இருப்பான், படைத்தலைவனாக இருப்பான், வணிகனாகவோ அரண்மனைப் பெண்ணாகவோ இருக்கலாம். தோட்டத்துக்கு அவர்கள் பெயர் விளங்கும். ஆனால் படித்துக்கொண்டே போனால் ஒன்று கண்ணில் படும்: பூச்செடிகளின் பெயரைவிட, பூவைக் கவனிப்பவர்களின் சாப்பாட்டுக் கணக்கு அதிகம். கொடுத்தவர்களுக்குத் தோட்டம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. செடி நடுவது ஒரு நாள் வேலை. ஆளை நிறுத்துவது தலைமுறை வேலை. கொற்று ஆண்டு முழுவதும் நடந்ததால்தான், பூ இல்லாத கார்த்திகையிலும் குடிகள் தோட்டத்தில் இருந்தார்கள். பூவுக்குக் கூலி என்று வைத்திருந்தால் ஐப்பசி மழையிலேயே கிளம்பிப் போயிருப்பார்கள்.

கதைகளும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. மண்டங்குடியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்த தொண்டரடிப்பொடி ஆழ்வார், திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாட்டில் தம்மைக் கவிஞராகக் காட்டிக்கொள்ளவில்லை. துளசியும் கூடையும் சுமப்பவராகக் காட்டிக்கொள்கிறார். திருமங்கையாழ்வார் மதில் கட்டிக்கொண்டு வரும்போது நேர்கோட்டில் அந்த நந்தவனம் குறுக்கிட்டதாகவும், தோட்டத்தைத் தொடாமல் மதிலை விலக்கிக் கட்டியதாகவும், அதற்கு நன்றியாகத் தொண்டரடிப்பொடி தம் தோட்டக் கருவிக்கு 'அருள்மாரி' என்று திருமங்கையின் பெயரையே வைத்ததாகவும் வைணவ மரபு சொல்கிறது. கருவிக்குப் பெயர் வைக்கிற தோட்டக்காரர்! பெருமாளுக்கு மதில் வேண்டும், மாலையும் வேண்டும். இரண்டும் மோதினால் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்கு அந்தக் கதை பதில் வைத்திருக்கிறது. ஆற்றின் தென்கரையில், திருச்சி மலைக்கோட்டையில், இன்னும் கடுமையான கதை. சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்தித் தோட்டத்தில் பூ திருடி ஒரு பூ வியாபாரி உறையூர்ச் சோழனிடம் கொண்டுபோகிறான். முனிவர் முறையிட்டும் அரசன் கண்டுகொள்ளவில்லை. கிழக்கு நோக்கியிருந்த சிவன் உறையூர்ப் பக்கமாக மேற்கே திரும்ப, மண்மாரி பெய்து தலைநகரம் அழிகிறது. செவ்வந்திப் புராணம் பாடும் இந்தக் கதையால்தான் அந்தச் சிவனான தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். திருடியது ஒரு கூடைப் பூ, தண்டனை ஒரு நகரம். அளவு பொருந்தவில்லை என்று தோன்றும். நட்டவன் உரிமையை அரசனே மீறினால் ஊர் நிற்காது என்பதைச் சொல்ல வந்த கதை என்று வைத்துப் பார்த்தால் பொருந்தும்.

புராணத்தைச் சான்றாக எடுக்கலாமா என்று கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். மண்மாரி பெய்தது என்பதற்கோ, மதில் எந்த ஆண்டில் விலகியது என்பதற்கோ இக்கதைகள் சான்றாக மாட்டா. ஆனால் எதைக் குற்றம் என்று ஒரு ஊர் கருதியது, எதை நியாயம் என்று ஏற்றது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இரண்டு கதைகளிலும் தோட்டத்துக்குப் பட்டா எழுதப்படவில்லை. வேலை செய்ததே உரிமை. இராமானுசர் ஸ்ரீரங்கத்துச் சீடர்களைப் பார்த்துத் திருமலையில் பூத்தொண்டு செய்யப் போகிறவர் யார் என்று கேட்டபோது, அங்குள்ள குளிரை எண்ணி மற்றவர்கள் தயங்க, அனந்தாழ்வான் மட்டும் எழுந்தார் என்ற குருபரம்பரைச் செய்தியையும் இதோடு சேர்த்து வைக்கலாம். அவர் அங்கே ஏரி வெட்டப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரையைத் திருமலைக் கோயில் வாசலில் இன்றும் காணலாம். கோயில் கோபுர வாசலில் மாட்டிவைக்கத் தகுந்த பொருளாக ஒரு கடப்பாரையைக் கருதிய மரபு, பூந்தோட்டத்தை மென்மையான விஷயமாக நினைத்திருக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. இங்கிலாந்துப் பாத்திக்காரர் வாடகை கொடுத்துத் தனக்குக் கிழங்கும் கீரையும் விளைவித்துக்கொண்டவர். நந்தவனக் குடி வேறொருவருக்காகப் பூ வளர்த்தவர், அதுவும் பிறப்பால் வந்த வேலையாக. இதைச் சமூகத் தோட்டம் என்று அழைப்பது சாதிக் கட்டமைப்புக்கு வெள்ளையடிப்பது ஆகாதா? ஆகும், கவனமில்லாமல் சொன்னால். கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு விவரிக்கும் பத்துக் கொத்துப் பரிசனங்களில், அதாவது பத்துப் பிரிவுப் பணியாளர்களில், மாலை, நந்தவனப் பணிகளுக்கு உரியவர்கள் தாச நம்பிகள்; பூணூல் அணியாத சாத்தாத வைணவர்கள். மாலை அவர்கள் கையிலிருந்து வரும், ஆனால் கருவறைக்குள் அதைச் சாற்றும் கை வேறு. தோட்டத்துக்குள் சமத்துவம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்வது இதுதான்: கொத்து என்ற ஏற்பாட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு, வேலையை வைத்தே பேரம் பேசும் ஒரு பலம் இருந்தது. கோயிலின் அன்றாடம் அவர்கள் இல்லாமல் நகராது; அவர்களை நீக்கினால் நிலத்தையும் நெல்லையும் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். கூலியாளுக்கு அந்தப் பலம் இல்லை. சமத்துவமின்மை இருந்த இடத்தில் பாதுகாப்பும் இருந்தது என்பது பாராட்டு இல்லை, விவரம்.

அந்த ஏற்பாடு எப்போது உடைந்தது? 1323இல் டில்லி சுல்தானியப் படையெடுப்பில் நம்பெருமாளே ஊரை விட்டுப் போய் 1371இல்தான் திரும்பினார்; இடைப்பட்ட காலத்தில் தோட்டங்கள் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1752இல் ழாக் லாவின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் இருந்து சரணடைந்தது. கர்நாடகப் போர்கள் முழுவதும் தீவு படைகளுக்குப் பாசறையாகவே இருந்தது. இவை பெரிய அடிகள். என்றாலும் அடி விழுந்த பிறகு தோட்டம் மீண்டும் எழுந்தது, ஏனென்றால் ஏற்பாடு உயிரோடு இருந்தது. ஏற்பாட்டைத் தொட்டது படை அல்ல, காகிதம். 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வந்தது. இன்ன ஊழியத்துக்கு இன்ன நிலம் என்று வாய்மொழியிலும் கல்லிலும் இருந்தவையெல்லாம் பதிவேட்டில் ஊழிய மானியமாக ஏறின. ஏறியதும் அவற்றுக்கு ஒரு மதிப்பு வந்தது, வழக்கு வந்தது, விற்பனை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம். நிலச்சீர்திருத்தம் என்ற அளவில் அது நியாயமான நோக்கம் கொண்ட சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊழிய மானிய நிலத்தை வைத்திருந்தவர் உரிய தொகை கட்டி ஊழியக் கடமையிலிருந்து விடுபட்டுக்கொள்ள அதில் வழி இருந்தது. ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு மொழியில் சொன்னால், கொற்று ஒரு பக்கம் போக, வேலை இன்னொரு பக்கம் போயிற்று. அதற்குள் ஊரும் பெருத்திருந்தது. வெளிச் சுற்றுத் தெருக்களை ஒட்டிய தோப்புகள் வீட்டு மனைகளாயின. 1994இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு கொள்ளிடக் கரை வரைக்கும் அடுக்குமாடிகள்.

மார்க்கெட் இருக்கும்போது நந்தவனம் எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். திருச்சியைச் சுற்றி எட்டரை, கோப்பு, போசம்பட்டி என்று பூவையே நம்பியிருக்கும் கிராமங்கள் இருக்கின்றன. விடியுமுன் வண்டியில் பூ வந்துவிடும், மழையில் இங்கே குறைந்தால் வேறு ஊரிலிருந்து வரும். உண்மைதான். அந்த விவசாயிகளுக்கும் இது வாழ்க்கை. ஆனால் மார்க்கெட் மழைக்கால முரண்பாட்டைத் தீர்க்கவில்லை, விலையாக மாற்றியிருக்கிறது. மார்கழியில் கிலோ மல்லிகை விலையைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் போதும். கோயில் வாங்கிவிடும், வீட்டுத் தலைவாசலில் முழம் பூ வாங்குகிறவள் கனகாம்பரத்தோடு நிறுத்திக்கொள்வாள். பழைய ஏற்பாடு குறைச்சலைத் தனக்குள் பங்கிட்டுக்கொண்டது, இன்றைய ஏற்பாடு குறைச்சலை வாங்க முடியாதவர் தலையில் இறக்கிவிடுகிறது.

மார்க்கெட்டே நந்தவனத்தைக் கொன்றது என்றால், ஸ்ரீரங்கத்தில் ஒரு நந்தவனமும் மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரகவி சுவாமிகள் ஏற்படுத்திய மதுரகவி நந்தவனத்தில், திருமணம் செய்துகொள்ளாத ஏகாங்கிகள் அங்கேயே தங்கி, தாங்களே செடி வளர்த்து, பூப் பறித்து, வாழை நாரில் மாலை தொடுத்துக் கோயிலுக்குச் சுமந்து போகிறார்கள். அங்கே வேலையும் இருப்பிடமும் சோறும் இன்னும் பிரியவில்லை, தோட்டமும் பிரியவில்லை. ஆனால் அந்த முடிச்சுக்கு அவர்கள் கொடுக்கும் விலை குடும்பம். முன்பு குடிகளாகப் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்து செய்த வேலையை இன்று துறவிகளைப்போல இருந்தால்தான் செய்ய முடிகிறது என்பது, நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்குச் சரியான அளவு. அப்படி வந்து சேரும் ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோயில்தோறும் புதிதாக நந்தவனம் போடுகிறோம் என்று அறிவிப்பவர்கள், எத்தனை கன்று நட்டோம் என்று சொல்வதோடு, எத்தனை பேருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம், வீடு வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சோழர் காலத்துக் கொடையாளி அதைச் சொல்லாமல் கல்லில் ஒரு எழுத்து வெட்டவிடவில்லை.

மார்கழிக் கேட்டையில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருநட்சத்திரம் வரும். அன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பூ மார்க்கெட்டிலிருந்துதான் வரும். அந்த மார்க்கெட் இருக்கும் தெருவுக்கோ சாத்தாத வைணவர்களின் பெயர்: சாத்தார வீதி.